கடைக் கண்ணாடியை உடைக்க அனுமதி கேட்டவர்

வெர்தன்,
1810 அக்டோபர் கடைசி.

என் செல்ல மகன் திதியேவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் தங்கை ஓதிலும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். நீயும் கைதியாகக் கிடக்கிற அந்த இங்கிலாந்து மழையில் இருமல், காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அப்படி நினைக்காவிட்டால் எனக்குப் பேனா நகராது.

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. இதைக் கொண்டுவந்தவர் உன் எதிரிலேயே நின்றுகொண்டிருப்பார். நெட்டையான மனுஷர், ஒரு தோள் கொஞ்சம் சரிந்திருக்கும், வா என்று சொல்லும்வரை வாசற்படி தாண்டமாட்டார். பெயர் சைலஸ் விட்கம். இங்கிலாந்துக்காரர். நீ வீட்டை விட்டுப் போன மறு வருஷத்திலிருந்து நம் மாடியறையில் குடியிருந்தவர். நான் இதை எழுதும்போது அவர் மேட்டுக் கோட்டைச் சிறையில் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறார். நீ இதைப் படிக்கிறாய் என்றால் அவர் பூட்டையும் மதிலையும் கடலையும் தாண்டிவிட்டார் என்று அர்த்தம். பிடிபடுகிற நிலை வந்தால் தன் உயிரைப் பார்க்குமுன் இந்தக் காகிதத்தை அழித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் தைரியமாகப் பெயர்களைப் போட்டு எழுதுகிறேன்.

நீ ஈஸ்டருக்கு முன்னால், விடுதலையாகி வந்த அந்த வைத்தியரின் செருப்புக்குள் மறைத்து அனுப்பிய கடிதத்துக்குப் பதில் இதுதான். கள்ளச் சரக்குப் படகுக்காரன் ஒருவன் கிடைத்திருக்கிறான், இருட்டில் ஏற்றி நம் கரையில் இறக்கிவிடுவான், வரட்டுமா அம்மா, ஒரு வார்த்தை சொல் என்று கேட்டிருந்தாய். எட்டு வருஷமாக முகம் காணாத பிள்ளை வரட்டுமா என்று கேட்டால் எந்தத் தாய் யோசிப்பாள்? அன்றைக்கே ‘வா’ என்று எழுதி மடித்துவிட்டேன். கொடுத்தனுப்பத்தான் ஆள் கிடைக்கவில்லை. இப்போது ஆள் கிடைத்திருக்கிறது. அந்தத் தாளை நேற்று அடுப்பில் போட்டுவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன். உன் அப்பா மாதிரி பாதியில் எழுந்து போகாமல் முழுக்கப் படி.

முதலில் வீட்டுச் செய்தி. கடை நடக்கிறது என்றும் சொல்லலாம், நொண்டுகிறது என்றும் சொல்லலாம். கப்பல்கள் நின்றதிலிருந்து தீவுச் சர்க்கரை கண்ணில் படுவதே இல்லை. பாதாம் பருப்புக்குச் சர்க்கரை பூசித்தான் இந்த ஊர் பேர் வாங்கியது. இப்போது திராட்சைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிப் பூசுகிறோம். பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று வாங்க வருகிறவர்கள் ஒன்றை வாயில் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் அடுப்பைப் பார்க்கிறேன். ஓதிலைத் தோல் பட்டறை வீட்டுப் பையன் கேட்டிருக்கிறான். நல்ல பையன்தான். கல்யாணத்துக்குள் அவனையும் பட்டாளத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற கவலையில் எனக்குத் தூக்கமில்லை.

சரி, விட்கம் கதைக்கு வருகிறேன். அவருக்குச் சொந்த ஊரில் ஆப்பிளும் பேரிக்காயுமாக ஒரு தோப்பு. சண்டை நின்றிருந்த அந்த ஒரு வருஷத்தில், நம் நாட்டைச் சுற்றிப் பார்த்து நல்ல ஒட்டுக்கிளை வாங்கிப் போகலாம் என்று வந்தார். சண்டை மறுபடி மூண்டது. பிரான்சில் இருக்கும் இங்கிலாந்து ஆண்களையெல்லாம் பிடித்து வை என்று உத்தரவு வந்தது. துப்பாக்கியைத் தொட்டே அறியாத மனுஷர், ஈரத்துணியில் சுற்றிய பேரிக்கிளைகளோடு இந்த ஊரில் கொண்டுவந்து இறக்கப்பட்டார். நம் வீட்டுக்குள் வந்து அவர் கேட்ட முதல் கேள்வி, “மதாம், இந்தக் கிளையெல்லாம் காஞ்சு போகுதுங்க, கொல்லையில மரம் ஏதாவது இருக்கா?” என்பதுதான். நம் காட்டுப் பேரி மரத்தைக் காட்டினேன். நீ சின்ன வயதில் விழுந்து கையை உடைத்துக்கொண்டாயே, அதேதான். அது இப்போது தேன் மாதிரி காய்க்கிறது.

உனக்கு அங்கே என்ன ஏற்பாடோ அதேதான் இவர்களுக்கு இங்கேயும். ஓடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் ஊருக்குள் வீடெடுத்துத் தங்கலாம். அனுமதி வாங்கிக்கொண்டு மதிலுக்கு வெளியே போகலாம், வாசல் மணி அடிக்குமுன் திரும்பிவிட வேண்டும். தினம் ஆஜர் கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு இதைக் கேட்டாலே சிரிப்பு. ஒரு காகிதத்தில் கிறுக்கியதற்காக ஒரு ஆம்பளை திறந்த வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானா? “இன்னிக்கோ நாளைக்கோ உங்க ஆளு கம்பி நீட்டிருவாரு பாருங்க” என்று எதிர்வீட்டு ரொட்டிக்கடைக்காரி சொல்லுவாள். நானும் தலையாட்டுவேன்.

அப்புறம் அந்த வெள்ளம் வந்தது. மார்ச் மாதம். மியூஸ் ஆறு கரை புரண்டு, பாலத்தில் மரங்கள் வந்து அடைத்துக்கொண்டன. விட்கம் அன்று அக்கரையில் சாமியார் தோட்டத்தில் ஒட்டுப் போடப் போயிருந்தார். ஆஜர் எடுக்கிற நேரம் ஆயிற்று, ஆளைக் காணோம். “பறந்துருச்சு பட்சி!” என்று மீன்காரி சந்தை முழுக்கக் கேட்கக் கத்தினாள். ஆஜர் எடுக்கிறவர் காவலர் கொலின்யோன். உனக்கு நினைவிருக்கும், பெரிய மீசை, சிறிய குரல். அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பதிவை மூடப் போன சமயம், கதவு திறந்தது. மார்பளவு சேறு, ஒரு காலில் செருப்பில்லை, கை நிறைய முள் கீறல். “தாமதமாயிருச்சு, மன்னிக்கணும்” என்றார் விட்கம். ஓட வேண்டும் என்றால் அதைவிட நல்ல நாள் வருமா? ஆற்றோடு போய்விட்டான் என்று நாங்களே பூசை வைத்திருப்போம். கொலின்யோன் எழுந்து தன் சொந்த பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து விட்கம் பெயரைக் கூப்பிடும்போது அவர் தலையைத் தூக்கிப் பார்ப்பதுகூட இல்லை.

இந்த ஜூனில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. மாடிப்படியில் நின்றே படித்தார். என்ன என்று கேட்டேன். ஒவ்வொரு வரியாக எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார், அதையும் நின்றுகொண்டே. அவர் மனைவி பனிக்காலத்தில் இறந்துவிட்டாளாம். ஹெஸ்டர் என்று ஒரு பெண் குழந்தை. அவர் இங்கே பிடிபட்ட பிறகு பிறந்தவள், அவர் கண்ணால் கண்டதில்லை. இப்போது ஒரு தூரத்துச் சொந்தக்காரி வீட்டில் இருக்கிறாளாம். அந்தச் சொந்தக்காரி எழுதியிருக்கிறாள்: “அப்பான்னு ஒருத்தர் நெஜமாவே இருக்காரா, இல்ல என்னைத் தூங்க வைக்க அம்மா சும்மா சொன்னதான்னு பிள்ளை கேக்குது.” நான் ஓவென்று அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. மாடிக்குப் போய் முகம் மழித்துக்கொண்டு, ஆஜர் கொடுக்கப் போனார்.

திரும்பி வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். “முசியே, எங்க அண்ணன் மகன் விறகு வண்டி ஓட்டறான். விறகுக்கு அடியில படுத்துக்குங்க. எல்லை வரைக்கும் கொண்டு விட்டுருவான். நான் எதையும் பாக்கல, எனக்கு எதுவும் தெரியாது” என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. உன் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். “பாருங்க, எம் புள்ள வரப் போறான். அவனுக்கு இல்லாத கௌரவம் உங்களுக்கு என்ன பெருசா வந்துருச்சு?” என்றேன்.

அவர் அதை இரண்டு தரம் படித்தார். “உங்க மகன் கையெழுத்துப் போட்டிருக்காராங்க?” என்று மட்டும் கேட்டார். போட்டிருக்கிறான் என்றேன். கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாடியேறிப் போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த வாரம் முழுக்க அவருக்கு ஆறிப்போன சூப்தான் வைத்தேன். அதையும் குடித்துவிட்டு நன்றி சொல்லிக்கொண்டு போனார். அவர் நன்றி சொல்லச் சொல்ல எனக்கு இன்னும் எரிந்தது.

ஒரு நாள் அவரே சமையலறைக்கு வந்தார். “மதாம், நான் போகத்தான் போறேன். ஆனா இப்படி இல்ல. என்னை நம்பிக் கதவைத் திறந்து வெச்சிருக்காங்க. திறந்த கதவு வழியா ஓடுறவன் திருடன். பூட்டின கதவை உடைச்சுக்கிட்டு ஓடுறவன் கைதி. கைதி ஓடலாங்க, அதுல தப்பில்ல. எங்காளுங்க எல்லாரும் அப்படித்தான் வெச்சிருக்கோம். என்னைப் பிடிச்சு உள்ள போட்டுட்டாங்கன்னா, நான் கொடுத்த வாக்கு அந்த நிமிஷமே முடிஞ்சு போச்சு” என்றார். ஏதாவது சின்னக் குற்றம் செய்து சிறைக்குப் போக வேண்டும், அங்கிருந்து தப்ப வேண்டும், அதுதான் அவர் திட்டம். பிடிபட்டால் வடக்கே மலைக்கோட்டையில் நிலவறை, வெளிச்சமே கிடையாது. அதெல்லாம் தெரிந்துதான் சொன்னார். பைத்தியமா இந்த மனுஷனுக்கு என்று நினைத்தேன். ஆனால் சூப்பைச் சூடுபண்ணிக் கொடுத்தேன்.

மகனே, சிறைக்குப் போவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முதலில் ஆஜருக்குப் போகாமல் மாடியிலேயே படுத்துக்கொண்டார். கொலின்யோன், “பாவம், பொண்டாட்டி போன துக்கம்” என்று தானே ஆஜர் போட்டுவிட்டு, தன் வீட்டுக்காரியிடம் கோழிச்சாறு கொடுத்தனுப்பினார். அடுத்து, மணி அடித்தபின் மதிலுக்கு வெளியே வேண்டுமென்றே உட்கார்ந்திருந்தார். வாசல்காரன் அவர் வரும்வரை கதவைச் சாத்தாமல் காத்திருந்தான். கால் மரத்துப்போய்விட்டது போல என்று கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டும் வந்தான். சந்தையில் நின்று மேயரின் பொய்முடியைப் பற்றிக் கன்னாபின்னாவென்று பேசினார். ஜனம் கைதட்டியது. மேயர் வீட்டு வேலைக்காரியே சிரித்தாள். கடைசியில் ஒரு நாள் நடுத்தெருவில் கொலின்யோனின் தொப்பியைத் தட்டிவிட்டார். அவர் குனிந்து எடுத்து, தூசி தட்டி, “என்னா காத்து, என்னா காத்து” என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். அன்று ஒரு இலை அசையவில்லை.

அன்று சாயங்காலம் விட்கம் அடுப்படி முக்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டார். “இவங்க எல்லாம் ஏன் மதாம் இவ்வளவு நல்லவங்களா இருக்காங்க?” என்றார். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, அப்புறம் ஹெஸ்டர் நினைவு வந்தது. அந்தக் குழந்தை அங்கே அப்பா பொய்யோ என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. இவரோ நல்ல பேர் எடுத்த பாவத்துக்கு இந்த ஊரை விட்டு நகர முடியாமல் கிடக்கிறார்.

அப்புறம்தான் அவர் கேட்டார். “உங்க கடைக் கண்ணாடியை உடைக்க அனுமதி தருவீங்களா? நீங்க புகார் கொடுத்தா மட்டும்தான் வேலை ஆகும்” என்றார். எந்தக் கண்ணாடி என்றேன். மூலையில் ஏற்கெனவே விரிசல் விட்ட சின்ன ஜன்னல் கண்ணாடியைக் காட்டினார். “உடைக்கிறது உடைக்கிறீங்க, பெரிய கண்ணாடியா உடைங்க முசியே. ஓட்டைக் கண்ணாடிக்கெல்லாம் யாரு உள்ள போடுவா?” என்றேன். ஈடாகக் கொல்லை மரத்துப் பேரிக்காய் முழுக்க எனக்கே என்றார். அது என் மரம்தானே! ஆனாலும் சரி என்றேன். பொய் சொல்ல வேண்டாம், கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னால் போதும் என்றும் எனக்குக் கண்டிப்பாகச் சொல்லிவைத்தார்.

சந்தை நாளில், நாலு பேர் பார்க்கக் காலையில் நடந்தது. முதல் நாளே ஜாடிகளையெல்லாம் உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். அவர் தெரு நடுவில் நின்று கல்லை ஓங்கி எறிந்தார். அது கதவு நிலையில் பட்டு விழுந்தது. ரொட்டிக்கடைக்காரி ஏதோ விளையாட்டு என்று நினைத்து, “முசியே, கொஞ்சம் இடது பக்கம்!” என்றாள். இரண்டாவது கல் கண்ணாடியில் விழுந்தது. உன் அப்பா பாரிஸிலிருந்து வைக்கோலில் சுற்றி வரவழைத்த கண்ணாடி. அந்தச் சத்தத்தில் நான் போட்ட கூச்சல் நடிப்பே இல்லை.

கொலின்யோன் ஓடி வந்தார். உடைசலைப் பார்த்தார், விட்கமைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். “காத்து பலமாத்தான் இருக்கு இன்னிக்கு” என்றார். “காத்து கையில கல்லை வெச்சுக்கிட்டு வருமாய்யா? வேணும்னேதான் உடைச்சாரு. ரெண்டு கண்ணால பாத்தேன். புகார் கொடுக்கிறேன், உள்ள போடுங்க!” என்று நான் கத்தினேன். சந்தையே திரும்பிப் பார்த்தது. கொலின்யோன் என் கையைப் பிடித்துக் கடைக்குள் இழுத்துக்கொண்டு போனார். “என்ன மதாம் ரெமி, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா? பொண்டாட்டி செத்த மனுஷங்க அவரு” என்றார்.

“செத்துட்டாதான். ஆனா பொண்ணு ஒண்ணு உசுரோட இருக்கு” என்றேன்.

அவர் மீசையைத் தடவினார். “உள்ள போனா அவரு கொடுத்த வாக்கு செல்லாது” என்றார் மெல்ல. தெரியும் என்றேன். “அதான் என் தொப்பியத் தட்டி விட்டாரா?” என்றார். அதற்குத்தான் என்றேன். அப்படியே பாதாம் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். “நல்லது பண்றேன்னு நெனச்சுக்கிட்டு, இத்தனை நாளும் அந்த மனுஷனக் கட்டிப் போட்டது நான்தானா?” என்றபோது அவருடைய சிறிய குரல் இன்னும் சிறியதாகிவிட்டது. கொலின்யோனின் தம்பி ஒருத்தனும் அங்கே இங்கிலாந்தில், துறைமுகத்தில் நிறுத்திய பழைய கப்பல் சிறையில் கிடக்கிறான் என்பது அன்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “கோட்டையில நல்ல பூட்டாப் பாத்துப் போடச் சொல்றேன். நாங்களா லேசா விட்டோம்னு ஒரு பேச்சு வந்தா அது அவருக்கும் மரியாதை இல்ல, எனக்கும் இல்ல. எங்க வேலைய நாங்க ஒழுங்காச் செய்யறோம். அப்புறம் அவரு சாமர்த்தியம்” என்றார். வெளியே போய் ஊர் கேட்க உரத்த குரலில் விட்கமின் பெயரைச் சொல்லிக் கைது செய்தார். விட்கம் தொப்பியைக் கழற்றி அவருக்கு வணக்கம் சொன்னார். இரண்டு பேரும் ஏதோ பூசைக்குப் போகிறவர்கள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் மேட்டுத் தெருவில் ஏறிப் போனார்கள். அந்தக் காட்சியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். எதிரி நாட்டு ஆட்கள் இரண்டு பேர், ஒருத்தரை ஒருத்தர் ஏமாற்றாமல் இருப்பதற்காக இவ்வளவு பாடுபட்டதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை, திதியே.

அன்றிலிருந்து ஊர் என்னைக் காறித் துப்புகிறது. “வந்துட்டாய்யா, பொண்டாட்டி செத்தவன ஜெயிலுக்கு அனுப்பின புண்ணியவதி!” என்று மீன்காரி நான் போகும்போதெல்லாம் பாடுகிறாள். ரொட்டிக்கடைக்காரி எனக்குக் கருகிய ரொட்டியாகப் பொறுக்கிக் கொடுக்கிறாள். கண்ணாடி இருந்த இடத்தில் பலகை அடித்திருக்கிறேன், அதன்மேல் யாரோ கரியால் என் மூக்கை வரைந்து வைத்திருக்கிறார்கள், அதுவும் அச்சு அசலாக என் மூக்கு. ஓதில் அழுகிறாள். நான் வாயைத் திறந்தால் அவர் திட்டம் வெளியே வந்துவிடும். எனக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு சிரமம் என்று உனக்குத் தெரியாதா? வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் தலை குனியாமல்தான் நடக்கிறேன்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தில் நீ குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரி, அந்தத் திருமதி ஹெக்ஸ்ட், உனக்குக் காலுறை பின்னிக் கொடுத்ததையும், நீ நேரம் கழித்து வந்தால் திறந்துகொள்ளச் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைப்பதையும் எழுதியிருந்தாய். அந்த வரியை முன்னே படித்தபோது வசதியாகத்தான் போயிற்று என்று நினைத்தேன். இப்போது அதே வரியைப் படிக்கும்போது எனக்கு வேறு மாதிரி இருக்கிறது. நானும் ஏழு வருஷமாக ஓர் எதிரி நாட்டானுக்குக் கதவைத் திறந்து வைத்தவள். அவர் விறகு வண்டியில் ஒளிந்து போயிருந்தால், போகட்டும் என்றுதான் வாயால் சொல்லியிருப்பேன். மறுநாள் காலையில் அந்தக் காலி அறையைப் பெருக்கும்போது என் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே அந்தப் படகுக்காரனிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு, கண்ணே. இதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன். காத்திரு. நானும் காத்திருக்கிறேன். விட்கம் ஊர் போய்ச் சேர்ந்ததும், கைதி மாற்றத்தில் உன் பெயரையும் சேர்க்கச் சொல்லித் தனக்குத் தெரிந்த எல்லா வாசலிலும் போய் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் நிற்பார். அதற்குள் பொறுக்கவே முடியாது என்று உனக்குத் தோன்றினால், நீயும் போய் ஒரு கண்ணாடியை உடை. அந்த அம்மாளிடம் கேட்டுவிட்டு உடை. ஆனால் உங்கள் பக்கத்துச் சிறைகளில் காய்ச்சல் என்று சொல்கிறார்கள், அதை நினைத்தால் இதையும் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. பெற்றவளால் எதைத்தான் துணிந்து சொல்ல முடிகிறது?

இவ்வளவும் எழுதிய பிறகும் நீ அந்தப் படகில் ஏறி வந்தாய் என்றால், கொல்லைக் கதவைத் தட்டு. திறப்பேன். கட்டிக்கொள்வேன், சூடாகச் சூப் வைப்பேன், ஒரு கேள்வி கேட்கமாட்டேன். நான் உன் தாய். ஆனால் என் ஆசை வேறு. எத்தனை வருஷம் ஆனாலும், பட்டப்பகலில், மேட்டுத் தெரு வழியாக, கொலின்யோன் எழுந்து நின்று தொப்பியைக் கழற்ற, நீ நம் முன்வாசல் வழியாக வர வேண்டும்.

விட்கமின் மேலங்கியைத் தைத்துத் தருகிறேன் என்று சிறையிலிருந்து வாங்கி வந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை அதன் உள்துணிக்குள் வைத்துத் தைக்கப் போகிறேன். அங்கே வேறு என்னவெல்லாம் தைத்திருக்கிறேன் என்பதை எழுதமாட்டேன். நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும்.

மாதாவின் மேலாடை உங்கள் இரண்டு பேர் தலைக்குமேலும் இருக்கட்டும். ஓதில் உனக்கு முத்தம் சொல்கிறாள். உன் கட்டிலுக்கு இந்த வாரம் புது வைக்கோல் போட்டேன், காரணமில்லை, சும்மாதான் போட்டேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா.

பின்குறிப்பு: மேலங்கியின் உள்பையில் ஒரு சின்னத் துணி முடிச்சு இருக்கும். சர்க்கரைப் பாதாம். திராட்சைச் சாறு இல்லை, அசல் சர்க்கரை. ஓதில் கல்யாணத்துக்கு என்று ஒளித்து வைத்திருந்த கடைசிக் கட்டியில் கொஞ்சம் உடைத்துச் செய்தேன். போன ஞாயிற்றுக்கிழமை கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, “வழியில நீங்களே தின்னு தீத்துராதீங்க முசியே” என்று விளையாட்டாகச் சொன்னேன். அவர் நெஞ்சில் கை வைத்து, “உங்க மகன் கையில கொடுக்கிற வரைக்கும் முடிச்சை அவிழ்க்கமாட்டேன், வாக்கு” என்று சொல்லிவிட்டார். அப்போது சிரித்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது நினைத்தால் பகீர் என்கிறது. காட்டில் பட்டினியாகக் கிடந்தாலும் அந்த மனுஷன் தொடமாட்டார். ஞாயிறு தவிர வேறு நாளில் பார்க்க விடுவதில்லை. நாளைக்குக் கோட்டை வாசலில் துணியை வாங்கிக்கொண்டு என்னை விரட்டிவிடுவார்கள், பேச விடமாட்டார்கள். அதனால் முடிச்சு அவிழாமல் வந்திருந்தால், மகனே, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அவரை உட்காரவைத்து, அதை நீயே அவிழ்த்து, முதல் பாதாமை அவர் வாயில் போடு.